வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள்

எங்கள் சங்கத்தில் ஒருவர் தலைவராவதற்கு ஒரு முறை இருந்தது. பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து அவருடைய பெயரை முன்மொழிவார். பெயருக்கு உரியவர் உடனே இரண்டு கைகளையும் தூக்கி, "ஐயோ, என்னை விடுங்கோ, எனக்கு உதுகள் சரிவராது" என்பார். சபை, "இல்லை அண்ணை, நீங்கள்தான் வரவேணும்" என்னும். அவர் வேலையைச் சொல்வார், முதுகு நோவைச் சொல்வார், இளம் பெடியளுக்கு இடம் விடவேண்டும் என்பார். சபை விடாது. கடைசியில் பெருமூச்சு விட்டபடி எழுந்து, "எல்லாரும் இவ்வளவு வற்புறுத்துறபடியால்" என்று தொடங்குவார். கைதட்டல் வானத்தைப் பிளக்கும். முதல்நாளே கோட்டுச் சட்டையை அழுத்தி மினுக்கி வைத்துவிட்டு வந்தவர் அவர் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அதே கூட்டத்தில் என் பெயரை முன்மொழிந்தார்கள். நான் எழுந்து நின்று, "ஓம், நான் நிக்கிறன்" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த 'ஓம்'தான் காரணம் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், முகத்துக்கு நேரே சொன்னார்கள், எழுத்திலும் போட்டார்கள். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், அதை அணைக்க எனக்கு விருப்பமில்லை.

இத்தாலியின் பலேர்மோவில் அப்போது எங்கள் வீடுகளில் பெண்தான் முதலில் வேலை எடுத்தவள். வீடு துடைக்க, சமைக்க, படுக்கையில் கிடக்கும் கிழவிகளைக் குளிப்பாட்ட சின்யோராக்கள் என்ற இத்தாலிய எசமானிகளுக்குப் பெண்கள்தான் தேவைப்பட்டார்கள். அந்த வேலையைக் காட்டித்தான் நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெசோ எடுத்தோம். அந்த பெர்மெசோவைக் காட்டித்தான் கணவன்மாரைக் கூப்பிட்டோம். என் கணவரும் அப்படி வந்தவர்தான். துறைமுகத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். மத்தியானம் போனால் நான் நித்திரையான பிறகுதான் திரும்புவார். நான் பொலித்தேயாமா பக்கம் ஒரு சின்யோரா வீட்டில் காலையிலிருந்து ஏழு மணி வரை நிற்பேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எங்களுடையவை.

எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு விட்டுவிடும். ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் அவளைப் பார்க்க ஆளில்லை. அதனால் அவள் கன்னியர் மடத்து விடுதியில் இருந்தாள். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருவோம், ஞாயிறு பொழுதுபடக் கொண்டுபோய் விடுவோம். ஞாயிறு பின்னேரம் வந்தால் சப்பாத்துக்குள் கால் வைக்கமாட்டாள். விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு, "சப்பாத்து சின்னதாய்ப் போச்சுது அம்மா, நாளைக்குப் போறன்" என்பாள். நான் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி உள்ளே தள்ளுவேன். அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் காலைப் பிடித்துத் தள்ளினேன்.

சங்கத்துக்கு, சீசா என்ற பகுதியில், நிலமட்டத்தில் பெரிய அறை ஒன்று இருந்தது. எல்லோருடைய சந்தாவிலும் வாடகைக்கு எடுத்தது. உள்ளே ஒரு கரம் போர்ட், கிரிக்கெட் மட்டைகள், கலைவிழாத் திரைச்சீலைகள், அடுக்கி வைத்த கதிரைகள். சனி, ஞாயிறில் ஆண்கள் கூடி நாட்டு நிலைமை கதைப்பார்கள். மற்ற நாட்களில் அறைக்குப் பூட்டு, திறப்பு தலைவரின் பையில். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் அங்கே இருக்கட்டும், காலைவேலை மட்டும் செய்கிற பெண்கள் மாறி மாறிப் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேன். தலைவர் சிரித்தார். "பிள்ளையள் வந்தால் கரம் போர்டை உடைச்சுப் போடுவினம் தங்கச்சி." அடுத்த வருடமும் கேட்டேன். யோசிப்போம் என்றார். மூன்றாம் முறை கேட்கப் போகும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. திறப்பு யாருடைய பையில் இருக்கிறதோ அவர்தான் கதவைத் திறப்பார். கேட்டுக்கொண்டு நிற்பவள் கேட்டுக்கொண்டே நிற்பாள்.

அதனால் தலைவராக ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டேன் என்றே எழுதுகிறேன். வேறு அழகான வார்த்தை தேடி எடுத்து அதன்மேல் போர்த்த நான் தயாரில்லை.

என் பெயரை முன்மொழிந்தவள் மன்னார்க்காரி ஒருத்தி, போர்கோ வெக்கியோவில் குடியிருந்தவள், என்னைவிட இளையவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டால் சந்தைக்குள் திரிவார்கள். கேட்டதும் கைகளைத் தூக்கி 'ஐயோ' என்று சொல்லவேண்டும் என்ற வழக்கம் எனக்குத் தெரியாமலில்லை. வருடா வருடம் பார்த்ததுதானே. ஆனால் வருடக்கணக்கில் "சீ, சின்யோரா", ஆம் அம்மா, என்று சொல்லிப் பழகிய வாய் இது. செய்கிறாயா என்றால் செய்கிறேன் என்றுதான் வரும். அப்படியே வந்துவிட்டது.

சபைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வற்புறுத்தத் தயாராக இருந்தவர்களுக்கு வற்புறுத்த இடமில்லை. கைதட்ட வேண்டிய நேரமும் வரவில்லை. பின்வரிசையில் ஒருவர், "அக்கா ஆயத்தமாத்தான் வந்திருக்கிறா" என்றார். சிரிப்பு எழுந்தது. அடுத்து பழைய தலைவரின் பெயரைச் சொன்னார்கள். அவர் கைகள் இரண்டையும் தூக்கி, "ஐயோ, என்னை விடுங்கோ" என்றார். சபைக்கு உயிர் வந்தது. உயிர்த்த ஞாயிற்றுத் திருநாள் கழிந்து வாக்கெடுப்பு என்று முடிவானது.

எங்களுக்கென்று ஒரு பத்திரிகையும் இருந்தது. பத்திரிகை என்றால் நான்கு தாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கையால் எழுதி, போட்டோகொப்பி எடுத்து, தமிழ்ப் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோயில் வாசலில் விற்பார்கள். ஆசிரியர் ஒரு மாடிக் கட்டடத்தில் வாயிற்காவல் வேலை பார்த்தார். முத்து முத்தான எழுத்து அவருக்கு. அவ்வளவு அழகான எழுத்தில் அவ்வளவு அழுக்கை நான் பிறகு எங்கேயும் படிக்கவில்லை.

முதல் இதழில் தலைப்பே 'பதவி தேடும் பாவை'. கேட்ட மாத்திரத்தில் தலையாட்டிய வேகத்தைக் கண்டு சபையோர் திகைத்தனராம். அடக்கம் என்ற அணிகலனைச் சிலர் ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டனராம். பக்கத்திலேயே தலைவரைப் பற்றி ஒரு பந்தி. அவர் பதவியை நாடாத பண்பாளர். தொடர்ந்து ஐந்தாவது முறை பதவியை நாடாமல் நின்றார் அந்த மனிதர்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், முந்தின மாரியில்தான் ஊரில், இலங்கையில், சனாதிபதித் தேர்தல் நடந்தது. பெண் ஒருவர் நின்றார். அந்த அறையில், அந்தக் கரம் போர்டைச் சுற்றி நின்றபடி, எங்கள் ஆண்கள் அவருக்காக வாதாடினார்கள். பெண் வந்தால் சண்டை நிற்கும், தாய்க்குத்தான் பிள்ளைகளின் அருமை தெரியும் என்றார்கள். எங்கள் பத்திரிகையும் அப்படித்தான் எழுதியது. எதிர்த்துக் கதைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் அந்தப் பெண்ணின் சேலையைப் பற்றிக் கதைத்தார்கள், குரலைப் பற்றிக் கதைத்தார்கள், குடும்பத்தில் யார் யார் என்று கதைத்தார்கள். கொள்கை என்ன என்று ஒருவரும் கதைத்து நான் கேட்கவில்லை. அப்போது நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் கேட்டது கடலுக்கு அப்பால் ஒரு நாட்டை. அதைத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டது சீசாவில் ஓர் அறையின் திறப்பை.

பிறகு படம் வந்தது. போட்டியிடும் இருவரின் படத்தையும் போடுகிறோம் என்று பத்திரிகை கேட்டது. போர்கோ வெக்கியோவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். குளிர் காலம். கழுத்து வரை மூடின கம்பளிச் சட்டை, அதற்கு மேலே சின்யோரா தந்த பழைய கோட்டு. அந்தக் கோலத்திலேயே எடுத்துக் கொடுத்தேன். அடுத்த இதழில் படத்துக்குக் கீழே முத்து எழுத்தில் ஒரு வரி: 'கழுத்தில் தாலியைக் காணோமே!'

பலேர்மோவில் எந்தத் தமிழ்ப் பெண்ணும் தாலியை வெளியே விட்டுத் தெருவில் இறங்கமாட்டாள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள், பின்னால் இருப்பவன் கையை நீட்டுவான், கதை முடிந்தது. மன்னார்க்காரியின் பிடரியில் தாலிக்கொடி அறுத்த தழும்பு அப்போதும் இருந்தது. அதனால் எல்லோரும் கொடியைச் சட்டைக்கு உள்ளே விட்டு, ஊசியால் குத்தி வைப்போம். ஆசிரியரின் மனைவியும் அப்படித்தான். தலைவரின் மனைவியும் அப்படித்தான். கோயில் வாசலில் அந்தத் தாளை வாங்கி வாசித்து, "உண்மைதானே, காணேல்லை" என்று குசுகுசுத்த அத்தனை பெண்களின் தாலியும் அந்த நேரம் அவரவர் சட்டைக்குள் ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

தலைவரின் படமும் பக்கத்தில் இருந்தது. அவர் போட்டிருந்தது மனைவி வேலை செய்த வீட்டில் செத்துப்போன சின்யோரின் கோட்டு. தோள் இரண்டும் அரை முழம் கீழே தொங்கியது. அதற்குப் பத்திரிகை வைத்த பெயர் கம்பீரம்.

என் கணவர் மனம் கெட்ட மனிதரல்ல. ஆனால் உணவகத்தின் அடுப்படியில் அவரோடு நின்றவர்களும் அந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள்தான். ஒரு நாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி சொன்னார்.

"இஞ்சேர், நிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா இன்னொரு படம் எடுப்பம். சீலை உடுத்து, தாலியை வெளியிலை விட்டு. சனத்தின்ரை வாயை மூடலாம்."

"படத்துக்குத் தாலியோ, தாலிக்குப் படமோ?"

"உன்னோடை கதைக்க ஏலாது. எனக்காக ஒருக்கால் செய்யன்."

அவருக்காகச் செய்தேன். சீலையை ஒரு பையில் கொண்டுபோய், ஸ்டூடியோவின் திரைக்குப் பின்னால் குளிரில் நடுங்கி நடுங்கி உடுத்து, கொடியை வெளியே எடுத்துவிட்டு இருந்தேன். படம் எடுத்த கிழவன், என்ன விசேஷம், கல்யாணமா என்று கேட்டான். அடுத்த இதழில் அந்தப் படமும் வந்தது. கீழே எழுதியிருந்தது: 'வாக்குக்காக வெளியே வந்த தாலி.' என் கணவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லவும் ஆசையாக இருந்தது.

சின்யோராவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. "பிரெசிதெந்தெஸ்ஸா", தலைவியம்மா, என்று என்னைக் கூப்பிட்டுச் சிரிப்பாள். அப்படியென்றால் என் சட்டைகளை இனி யார் அழுத்துவது என்பாள். அவளுடைய தொலைக்காட்சியிலும் அரசியலுக்கு வந்த பெண்கள் சிலர் வருவார்கள். சின்யோரா சாப்பிட்டுக்கொண்டே அவர்களின் தலைமயிரைப் பார்ப்பாள், தோட்டைப் பார்ப்பாள், பிறகு தலையை ஆட்டி, பாவம், இவளுடைய பிள்ளைகளை யார் வளர்க்கிறார்களோ என்பாள். அப்போது அவளுடைய சின்ன மகனின் வாயை நான் துடைத்துக்கொண்டிருப்பேன். படித்த பெண், வங்கியில் பெரிய வேலை. சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஒரு சனிக்கிழமை மடத்திலிருந்து வரும் வழியில், பஸ்ஸில் என் மடியில் இருந்தபடி மகள் கேட்டாள். "அம்மா, நீங்கள் பிரெசிதெந்தே ஆனால் நான் லுனெதி வீட்டிலை நிக்கலாமா?" திங்கட்கிழமைக்கு அவளுக்குத் தமிழ்ச் சொல் மறந்திருந்தது, அல்லது மடத்தில் அதற்குத் தேவை வரவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். மன்னார்க்காரியின் மகன் சொன்னானாம். "ஓம் குஞ்சு, நிக்கலாம்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். சங்கத்தில் எவருக்கும் கொடுக்காத வாக்கு அது.

அடுத்த நாள் வந்த இதழில்தான் அந்தக் கடிதம் இருந்தது. வாசகர் பகுதி. கீழே பெயர் இல்லை, 'ஒரு தாய்' என்று மட்டும். பெற்ற பிள்ளையைக் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு, ஊரை ஆளப் புறப்பட்டிருக்கிறார் நம் சகோதரி என்று அது தொடங்கியது. தாய்மையைவிடத் தலைமை இனிக்கிறதோ என்று முடிந்தது.

கோயில் வாசலிலேயே வாசித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே நாள் அதுதான்.

வியாழக்கிழமை பின்னேரம் ஆசிரியர் வேலை செய்த கட்டடத்துக்குப் போனேன். வாசலோடு ஒட்டிய கண்ணாடி அறைக்குள் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்தார்.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளே?"

"தேத்தண்ணி வேண்டாம். உந்தத் தாய் ஆர்?"

"அது ஒரு வாசகி. பெயர் போட வேண்டாம் எண்டு கேட்டவ."

"வாசகிக்கு உங்கடை கையெழுத்தோ?"

"எல்லாத்தையும் நான்தானே பாத்து எழுதுறன் தங்கச்சி."

கேள்வியின் அந்த வாசல் அடைபட்டது. நான் வேறு வாசலால் வந்தேன்.

"தலைவற்றை பெடியள் ரெண்டும் எங்கை இருக்கினம்?"

"அவை பாதர்மாற்றை விடுதியிலை."

"என்ரை பிள்ளை இருக்கிறதும் விடுதி, அவற்றை பிள்ளையள் இருக்கிறதும் விடுதி. அவரைப் பற்றி ஒரு தாயும் எழுதேல்லையே? ஒரு தகப்பனெண்டாலும் எழுதேல்லையே?"

அவர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். "அது தாய் பாக்கிற விசயம் எல்லோ. அதிலை அவரை என்னெண்டு குறை சொல்லுறது?"

அவர் நடிக்கவில்லை. கள்ளத்தனம் இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அந்த மனிதருக்கு உண்மையாகவே நான் கேட்டது விளங்கவில்லை. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, உங்களோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை. அண்டைக்கு உங்கடை பெயரைச் சொல்லேக்கை ஒருக்கால் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திராது. ஒரு மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம்."

"எனக்கு வேணும். வேணுமெண்டதை ஏன் வேண்டாமெண்டு சொல்ல?"

"பாத்தியளே, உதைத்தான் சனம் சொல்லுது."

கடைசி இதழ் வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு வந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், "எனக்கு வேணும்!" அதற்குக் கீழே, நமது ஆசிரியரிடம் நேரில் வந்து சகோதரி ஆவேசம். அறையைப் பற்றி ஒரு வரி இல்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஐந்து இதழிலும் தேடிப் பாருங்கள், நான் எதற்காக நின்றேன் என்று ஓர் இடத்தில்கூட இருக்காது.

இருந்தும் நான் வெல்வேன் என்று நினைத்தேன். மடையச்சி. பஸ்ஸில், சந்தையில், பெர்மெசோ புதுப்பிக்கும் குவெஸ்தூரா வாசல் வரிசையில் எங்கே கண்டாலும் பெண்கள் கையைப் பிடிப்பார்கள். "எங்கடை கை உங்களுக்குத்தான் அக்கா. உந்த அறையைத் திறந்து விடுங்கோ, போதும்." சந்தா கட்டுவதில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களின் வேலையில்தான் கணவன்மாரின் பெர்மெசோவே தொங்கியது. வாக்கெடுப்பும் வியாழக்கிழமை பின்னேரம்தான், எல்லோரும் வரலாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் சங்கத்தில் வாக்கு என்றால் கையைத் தூக்குவது. அது எனக்கு நினைவில் இருந்தது, ஆனால் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். என் பெயருக்கு முதலில் கேட்டார்கள். மன்னார்க்காரியின் கை கூரையைத் தொடுகிற மாதிரி எழுந்தது. வலப்பக்கத்தில் என் கணவரின் கை எழுந்தது. முழங்கை மடிந்திருந்தது, ஆனால் எழுந்தது. அவரைச் சுற்றிலும் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் இறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அந்த மனிதரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இன்னும் இரண்டு மூன்று கைகள் அங்கங்கே எழுந்தன. என் மகளோடு அதே மடத்தில் பிள்ளையை விட்டிருந்த ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய கை கன்னம் வரை வந்தது. கண் வலப்பக்கம் போனது. அங்கே அவளுடைய கணவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை கன்னத்திலிருந்து தலைக்குப் போய், நேராக இருந்த மயிரை ஒதுக்கி விட்டுக் கீழே இறங்கியது.

அன்றைக்கு எத்தனை பெண்கள் தலைமயிரைச் சரிசெய்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும். நான் முன்னால் மேடையில் இருந்தேன், எல்லாம் தெரிந்தது.

தலைவர் எழுந்து, எல்லோரும் வற்புறுத்துகிறபடியால் என்று தொடங்கினார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "மனசிலை ஒண்டும் வைச்சுக்கொள்ளாதேங்கோ தங்கச்சி. கலைவிழாச் சாப்பாட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு." கையை ஆட்டும்போது பையில் திறப்புக்கொத்து சத்தம் போட்டது.

மகள் கேட்டாள். இன்னும் ஆகவில்லை என்றேன். எப்போது ஆவீர்கள் என்றாள். அடுத்த வருடம் என்றேன்.

அடுத்த வருடத்துக்கு நான் ஆயத்தமானேன். ஒரு 'ஓம்'தான் குற்றம் என்றால் இந்த முறை அந்தக் குற்றத்தைச் செய்யமாட்டேன். வீட்டில் கணவருக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். சின்யோராவின் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கைகள் இரண்டையும் தூக்கி, தலையைச் சற்றுச் சரித்து, "ஐயோ, என்னை விடுங்கோ" என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மன்னார்க்காரியும் வேறு இரண்டு பெண்களும் எழுந்து வற்புறுத்துவதாக ஏற்பாடு. முதல்நாள் சீலையை மினுக்கி வைத்தேன்.

கூட்டத்தில் மன்னார்க்காரி என் பெயரைச் சொன்னாள். நான் கைகளைத் தூக்கினேன். "ஐயோ, என்னை விடுங்கோ. எனக்கு உதுகள் சரிவராது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மன்னார்க்காரி எழும்ப முதலே தலைவர் ஒலிவாங்கியை எடுத்துவிட்டார்.

"அக்கா வேண்டாமெண்டு சொல்லுறா. அவவின்ரை விருப்பத்தை நாங்கள் மதிக்க வேணும். ஆரும் வற்புறுத்தக் கூடாது."

கைதட்டினார்கள். அந்த அறையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல், எல்லோரும் சேர்ந்து மனதாரத் தட்டியது. மன்னார்க்காரி நின்றபடி, "இல்லை, அவவுக்கு விருப்பம், அவவுக்கு விருப்பம்" என்று கத்தினாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. என் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. இறக்கினேன். அடுத்து கலைவிழாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பத்திரிகை வந்தது. 'பதவி ஆசையை வென்ற பண்பான சகோதரி' என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நம் பெண்களுக்கு எடுத்துக்காட்டாம். தாலி வெளியே தொங்கிய அந்தப் பழைய படத்தையே மறுபடியும் போட்டு, இந்த முறை அதைக் குடும்ப விளக்கு என்றார்கள். அவர்கள் என்னைப் பற்றி எழுதிய ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அன்று பின்னேரம் மகளை மடத்துக்குக் கூட்டிப் போகும் நேரம் வந்தது. சப்பாத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் குந்தினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். விரலை மடக்கவில்லை. திங்கட்கிழமை வீட்டில் நிற்கலாமா என்று கேட்கவில்லை. நான் கேட்டேன், "குஞ்சு, உனக்கு வீட்டிலை நிக்க விருப்பமில்லையோ?"

"வேண்டாம் அம்மா" என்றாள், குனிந்து நாடாவைக் கட்டிக்கொண்டே.